அஞ்சு திரி ஏத்தினாத்தான் வாசல் திறக்கும்

உக்காருங்க, உக்காருங்க. இந்தச் சேருக்கு யாரும் வரல. ஃபேனுக்குக் கீழ இது ஒண்ணுதான் மிச்சம். நானுங்களா? பொண்ணு வீடும் இல்ல, மாப்பிள்ளை வீடும் இல்ல. நான் மண்டபம். பேரு சென்னியப்பன், இந்த நாச்சியாத்தா திருமண மண்டபத்துக்குச் செயலாளர். எட்டு வருசமா. அதுக்கு முன்னாடி யூனியன் ஆபீசுல சூப்பரண்டு. நீங்க மாப்பிள்ளைக்கு ஒறம்பரைங்களா? கரூருங்களா? நல்லது. ஏனுங்க, பொண்ணுக்குச் சுத்தமாக் கண்ணு தெரியாது, உங்க பையனுக்கு நல்லாத் தெரியுமாமே? அப்புறம் எப்பிடி... சரி விடுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. மனசுக்குப் புடிச்சிருந்தாச் சரி.

முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கெடக்குது. பந்தி அதுக்கப்புறந்தான். அதுவரைக்கும் ஒரு அநியாயத்தைச் சொல்றேன், கேட்டுக்குங்க. இன்னிக்கு அந்த மணவறையில உக்காந்திருக்க வேண்டியது எம்பொண்ணு. ஆமாங்க, எம்பொண்ணு தாரணி. இதே ஆவணி இருபத்தாறு, இதே மண்டபம், இதே முகூர்த்தம். அதை அந்த மேடையில உக்காந்திருக்குதே கோகிலவாணின்னு ஒரு அம்மிணி, அது எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. நான் பாக்கப் பாக்க. அதுவும் நான் கட்டின வெப்சைட்டுலயே.

மெதுவாப் பேசறதா? நான் மெதுவாத்தாங்க பேசறேன். என் தொண்டை அப்பிடி.

முதல்ல இருந்து வர்றேன். மாசத்துக்கு நல்ல முகூர்த்தம் நாலு வரும். ஊர் பூரா அந்த நாலுக்கு அடிச்சுக்கும். முன்னெல்லாம் ஒரு பெரிய நோட்டு, அது எங்கிட்ட இருக்கும். வந்து கேட்டாத் தேதி எழுதிக் குடுப்பேன். சொந்தக்காரங்க நேத்தே கேட்டிருப்பாங்க, அவங்களுக்கு நேத்தே எழுதியிருப்பேன். இதுல என்னங்க தப்பு? எவனோ ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுட்டான், நாலு முகூர்த்தத்துல மூணு செயலாளரோட பங்காளிக்கே போகுதுன்னு. பொதுக்குழுவுல ஒரே கூச்சல். எங்க தலைவர் மாரப்பன் ஐயா பரம சாது. யாராச்சும் சத்தம் போட்டா அவருக்கு வேர்த்து ஊத்திரும். "சென்னியப்பா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திரு. எல்லாருக்கும் ஒரே நியாயம்னு ஆயிரும்"னு சொல்லிப்போட்டாரு.

ஏத்தறதுன்னு ஆனதுக்கப்புறம் அரைகுறையாச் செய்யற ஆளு நான் இல்லீங்க. சட்டதிட்டம் பூரா நானே எழுதினேன். இருபத்திரெண்டு விதி. மாசி ஒண்ணாந்தேதி காலையில ஆறு மணிக்கு ஆவணித் தேதிங்க திறக்கும். யாரு முந்தறாங்களோ அவங்களுக்கு. செயலாளர் வீட்டுக் கல்யாணமே ஆனாலும் அதே வரிசை. விதி பதினாலு என்ன தெரியுங்களா? எடுத்த தேதியை அடுத்தவங்களுக்கு மாத்திக் குடுக்கக்கூடாது. வேண்டாம்னா திரும்ப வெப்சைட்டுக்கே வந்துரும், மறுநாள் ஆறு மணிக்கு எல்லாரும் மறுபடி மோதிக்க வேண்டியதுதான். பொதுக்குழுவே கை தட்டுச்சு.

வெப்சைட்டு செய்யறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, ஃபர்ஹானான்னு. கெட்டிக்காரி, பேச்சு கம்மி. முதல் தடவை செஞ்சு கொண்டாந்து காட்டுது. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. மேல மண்டபம் பேரு, கீழ தேதி வரிசை, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்துல ஒரு பொத்தான். அவ்வளவுதான். "ஏம்மா, இது கல்யாண மண்டபமா, ரேசன் கடையா?"ன்னு கேட்டேன். "இதுல எல்லாருக்கும் சுலபமா இருக்கும் சார்"னு சொல்லுச்சு. சுலபமா இருந்தா மதிப்பு எங்கீங்க இருக்கும்?

திறப்பு விழாவுக்கு நாந்தான் யோசனை சொன்னேன். எந்தக் காரியத்தையும் குத்துவிளக்கு ஏத்தித்தானே தொடங்கறோம்? வெப்சைட்டை மட்டும் ஏன் விளக்கேத்தாமத் திறக்கணும்? திரையில ஒரு குத்துவிளக்கு, அஞ்சு முகம். பக்கத்துல ஒரு மெழுகுவத்தி. மவுசால மெழுகுவத்தியை இழுத்துக் கொண்டுபோய் ஒவ்வொரு திரியாப் பத்த வெக்கணும். அஞ்சும் எரிஞ்சாத்தான் கதவு திறக்கும். சிறப்பு விருந்தினரா ஒரு நூல் மில் முதலாளி வந்தாரு. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டுத்தான் மவுசையே தொட்டாரு. அஞ்சாவது திரி எரிஞ்சதும் நாதஸ்வரம் கிளம்புச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

மறுநாள் அந்தப் பொண்ணு ஃபோன் பண்ணுது. "விழா முடிஞ்சுதுங்களே சார், விளக்கை எடுத்துடறேன்." எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ஏத்தின விளக்கை எடுக்கறதா? இருக்கட்டும்மா, வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஏத்திட்டே உள்ள வரட்டும்னேன். "ஒவ்வொருத்தருமா சார்?"னு ரெண்டு தடவை கேட்டுச்சு. ஒவ்வொருத்தரும்தான். எங்க மண்டபத்துல எல்லாருக்கும் சமம். பணக்காரனும் அஞ்சு திரி, ஏழையும் அஞ்சு திரி.

அப்புறம் ஒண்ணொண்ணா மெருகேத்தினேன். மெழுகுவத்தியை வேகமா இழுத்தா அணைஞ்சு போயிரும், பயபக்தியோட மெதுவா இழுக்கணும். அது எம்பட யோசனைதான். நாதஸ்வரம் தானா வாசிக்கும், நிறுத்தறதுக்கு வழி கிடையாது. நல்ல காரியத்துல மேளத்தை யாருங்க நிறுத்துவாங்க? உள்ள போனா ஒரு தட்டுல பூ இருக்கும், அதை எடுத்து நாச்சியாத்தா படத்துல தூவணும். தேதியெல்லாம் ஒரு மல்லிகைச் சரத்துல கோத்து, சரம் சுத்திக்கிட்டே இருக்கும். நமக்கு வேண்டிய தேதி வர்றப்பத் தொட்டுரணும். விட்டா மறுபடி சுத்தி வர ஒரு நிமிசம் ஆகும். எழுத்து பூரா மஞ்சள், பின்னாடியும் மஞ்சள். "எழுத்து தெரியல சார்"னு சொல்லுச்சு ஃபர்ஹானா. தெரியாட்டி என்னம்மா, மங்களகரமா இருக்குதுல்ல? கடைசியா உறுதி பண்றதுக்கு மூணு முடிச்சு. விரலாலயோ மவுசாலயோ மூணு வட்டம் போடணும், ஒவ்வொரு வட்டத்துக்கும் கெட்டிமேளம் கொட்டும். இதையெல்லாம் அமெரிக்காவுல கூட யோசிச்சிருக்க மாட்டாங்க.

குறை சொல்றவங்க எங்கதான் இல்ல? கை நடுங்கற பெரியவர் ஒருத்தரு மூணு நாளா ஏத்திப் பாத்தாராம், நாலு திரிக்கு மேல போகலையாம். கடைசியில அவரு பேத்தி கல்யாணம் ஈரோட்டுல நடந்துச்சு. இன்னொருத்தர் ஆபீசுக்கே வந்து, "பொம்பளைங்க வீட்டுல விளக்கேத்தறதுக்கே இவ்வளவு நேரம் எடுத்துக்கறதில்ல"ன்னு கத்துனாரு. பொறுமையில்லாத ஊருங்க இது.

இப்பிடி இருக்கறப்பதான் தை மாசத்துல ஒரு நாள் இந்தக் கோகிலவாணி ஆபீசுக்கு வருது. கையில வெள்ளைக் குச்சி, தோள்ல பை. ஈரோட்டுல பேங்க் ஆபீசராம். கும்பிடு போட்டுட்டுச் செல்போனை எடுத்து மேசை மேல வெச்சுது. "உங்க வெப்சைட்டை இது எனக்கு எப்பிடிப் படிக்குதுன்னு கேளுங்க சார்"னு சொல்லுச்சு. அது பாட்டுக்கு ஒரு பொம்பளைக் குரல்ல பேசுது. "படம். படம். பெயரில்லாத பொத்தான். படம். படம்." அது சொல்றதும் நம்ம நாதஸ்வரமும் ஒண்ணா மோதி, ஒரு எழவும் புரியல.

"அம்மிணி, விளக்கை ஏத்தினாத் திறந்துரும்"னேன்.

"எங்க சார் இருக்குது விளக்கு?"

"அதோ, நடுவுல. அஞ்சு முகம். பளிச்சுன்னு தெரியுதே." சொன்னதுக்கப்புறந்தான் ஒறச்சுது. ஆனா அதுக்கு நாம என்னங்க பண்றது?

அந்தம்மிணி சிரிச்சுது. "எனக்கு ஆவணி கடைசி முகூர்த்தம் வேணும் சார். இந்த மண்டபம்தான் வேணும். பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரே நேர் ரோடு, படியே இல்ல. என் கூடப் படிச்சவங்க முப்பது பேரு வர்றாங்க, எல்லாரும் என்னையாட்டத்தான். யாரு துணையும் இல்லாம வந்துட்டுப் போகலாம்."

நான் நல்லபடியாத்தான் சொன்னேன். "கண்ணு தெரிஞ்சவங்க யாரையாச்சும் பக்கத்துல வெச்சு ஏத்திக்கோ அம்மிணி."

"என் கல்யாணத்துக்குத் தேதி எடுக்க ஆள் வெச்சுக்கணுமா சார்? அப்புறம் தாலி கட்டிக்கறதுக்கும் ஆள் வெச்சுக்கட்டுமா?"

எப்பிடிப் பேச்சு பாத்தீங்களா? நோட்டுல எழுதிக் குடுங்கன்னு கேட்டுச்சு. நோட்டை ஒழிச்சாச்சு, எல்லாருக்கும் ஒரே விதின்னு நான் ஒரே புடியா நின்னேன். எழுந்து போறப்ப, "அப்ப எழுத்துல குடுக்கறேன் சார்"னு சொல்லிட்டுப் போச்சு. நாலே நாள்ல பதிவுத் தபால். மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம், அந்தப் பிரிவு, இந்தப் பிரிவுன்னு ரெண்டு பக்கம். மாரப்பன் ஐயாவுக்குப் படிக்கப் படிக்கச் சட்டை நனைஞ்சு போச்சு.

ஃபர்ஹானாவைக் கூப்பிட்டோம். விளக்கை எடுத்தா நான் பதவியை விட்டுப் போயிருவேன்னு முதல்லயே சொல்லிப்போட்டேன். "எடுக்க வேண்டாம் சார். பக்கத்துல ஒரு எளிய வழியும் வெச்சுடுவோம். அரை நாள் வேலை"ன்னு சொல்லுச்சு. அதே பழைய ரேசன் கடைப் பக்கந்தான். தேதி வரிசை, பேரு, ஊரு, உறுதி. செல்போனைப் படிக்க வெச்சுக் கேக்கறவங்களுக்கு அதுதான் முதல்ல கேக்குமாம். கம்ப்யூட்டர்ல டேப் பொத்தானை ஒரு தட்டு தட்டினாத் தெரியுமாம்.

"அதைப் பெருசா மேல எழுதி வெச்சா எல்லாருக்கும் உதவும் சார்"னு அது ஆரம்பிச்சுது. நான் விடுவேனா? எல்லாரும் கொல்லைப்பக்கமா நுழைஞ்சா வாசல் விளக்கை யாரு ஏத்தறது? கண்ணு தெரிஞ்சவங்க கண்ணுலயே அது படக்கூடாது, அதுக்குச் சம்மதம்னா வெய்யின்னேன். அந்தப் பொண்ணு அதையும் நோட்டுல குறிச்சுக்கிச்சு. "சரிங்க சார்"னு போயிருச்சு. செஞ்சு முடிச்சதும் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புச்சு, நான் தாரணிக்கு அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, பிழை கிழை இருந்தாச் சொல்லும்னு. அவ பாத்துட்டு, "அப்பா, இதுதான் நல்லா இருக்குது"ன்னா. சின்னப் புள்ளைங்களுக்கு அழகு எங்க தெரியுது.

ஏ தம்பி, இங்க ரெண்டு ரோஸ் மில்க் குடு! சாப்பிடுங்க. இது மண்டபத்துக் கணக்கு இல்ல, பொண்ணு வீட்டுதுதான்.

எங்க விட்டேன்? ஆங், தாரணி. அதே சமயத்துலதான் அவளுக்கும் வரன் கூடி வந்துச்சு. பையன் மஸ்கட்டுல இஞ்சினியர், தங்கமான குடும்பம். தாரணி வேலையை விட்டுப்போட்டு அங்க போயிரணும்னாங்க, அது சகஜம்தானுங்களே. பையனுக்கு லீவு ஆவணியில மட்டும். ரெண்டு ஜாதகத்துக்கும் ஒத்து வர்றது இருபத்தாறு ஒண்ணுதான், அதை விட்டாப் புரட்டாசி வந்துரும். ஊர்ல மத்த மண்டபமெல்லாம் அந்தத் தேதிக்கு அப்பவே போயிருச்சு. சம்பந்தி, "நீங்கதான் செயலாளராச்சே, உங்களுக்கென்ன கவலை?"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அந்த வெப்சைட்டை என்னைவிடப் பழகினவன் எவன் இருக்கான்?

தாரணி ரெண்டு மூணு தடவை, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்"னா. தேதி கெடைக்கட்டும் கண்ணு, பொறவு பேசலாம்னேன். தேதியே இல்லாமப் பேசி என்ன ஆகப்போகுது, சொல்லுங்க.

மாசி ஒண்ணு. காலையில அஞ்சு மணிக்கே குளிச்சு, திருநீறு பூசி, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டேன். தாரணியைப் பின்னாடி சோபாவுல உக்கார வெச்சேன். "நீயும் உன் செல்லுல ஏத்திக்கிட்டே வா கண்ணு, யாருக்கு முந்துதோ முந்தட்டும்"னேன். சரிங்கப்பான்னா. ஆறு அடிச்சுது. நான் மெழுகுவத்தியைப் புடிச்சேன். முதல் திரி, ரெண்டாவது, மூணாவது, பூ மாதிரிப் பத்துச்சு. நாலாவதுக்குப் போறேன், கை ஒரு வெட்டு வெட்டுச்சு, அணைஞ்சு போச்சு. அணைஞ்சா மறுபடி முதல்ல இருந்துன்னு விதி வெச்சதும் நாந்தான். மறுபடி மூணு. மறுபடி நாலாவது போச்சு. என் பயபக்திக்கு என்னங்க கொறை? மூணாவது ஆட்டத்துல அஞ்சும் எரிஞ்சு, கதவு திறந்து, பூவைத் தூவி, சரம் சுத்தி வருது, இருபத்திநாலு, இருபத்தஞ்சு... இருபத்தாறு மேல செவப்புக் கயிறு கட்டியிருக்குது. "பதிவாகிவிட்டது. மணமக்கள் வாழ்க."

மணியைப் பாத்தா ஆறு அஞ்சு.

"போச்சே கண்ணு"ன்னு திரும்பிப் பாக்கறேன். தாரணி செல்லைக் கவுத்து மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கா. "போச்சுங்களாப்பா?"ன்னா. மூஞ்சியில ஒரு துளி வருத்தம் காட்டலீங்க. அப்பன் ஒடைஞ்சு போயிருவான்னு அடக்கிக்கிட்டா பாருங்க. அந்தப் பக்குவம் இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்கு வரும்? எந்திரிச்சுப் போய்க் காப்பி போட்டுக் கொண்டாந்து குடுத்தா. அன்னிக்குக் காப்பி கூட நல்லா இருந்துச்சு.

யாரு எடுத்ததுன்னு பாத்தா, இந்தக் கோகிலவாணி. நாங்கெல்லாம் விளக்கு வெச்சுக்கிட்டுக் கெடக்க, ஊரே விளக்கு வெச்சுக்கிட்டுக் கெடக்க, அது கொல்லைப்பக்கமா வந்து நாப்பத்தொரு விநாடியில வேலையை முடிச்சிருச்சு. நாப்பத்தொரு விநாடி! கண்ணு இருக்கறவனுக்கு அஞ்சு நிமிசம், கண்ணு இல்லாதவங்களுக்கு நாப்பத்தொரு விநாடி. இதாங்க சமமா?

நேராப் பேங்குக்கே போனேன். மானத்தை விட்டுக் கேட்டேன். "அம்மிணி, எம்பொண்ணு வாழ்க்கை. உனக்கு ஐப்பசியில நானே நல்ல தேதியா எடுத்துத் தர்றேன், இதை விட்டுக் குடு."

"விதி பதினாலு சார்"னு சொல்லுச்சு.

அந்த விதியை எழுதினவனே நாந்தானுங்களே.

"நான் வேண்டாம்னு சொன்னாலும் அது வெப்சைட்டுக்குத்தான் போகும். மறுபடி நீங்க விளக்கேத்தணும். அதுக்குள்ள வேற யாராச்சும் எடுத்துருவாங்க. உங்களுக்கும் இல்லாம, எனக்கும் இல்லாமப் போயிரும்." அதோட நிறுத்தியிருக்கலாம். "சார், உங்க பொண்ணு இந்தத் தேதியக் கேட்டாங்களா?"ன்னு ஒரு கேள்வி வேற. பொண்ணு என்னங்க கேக்கறது? பெத்தவங்க நாம எதுக்கு இருக்கறோம்? எழுந்து வந்துட்டேன்.

அந்த வாரமே ஊர் பூராத் தெரிஞ்சு போச்சு, டேப் தட்டினா விளக்கே வேண்டாம்னு. இப்ப ஒரு பயலும் முன்வாசல்ல வர்றதில்ல. கண்ணு நல்லாத் தெரியறவன், கை நல்லா இருக்கறவன், எல்லாரும் அந்த வழிதான். கை நடுங்கற அந்தப் பெரியவர் போன வாரம் தனியா உக்காந்து பேரனுக்குத் தேதி எடுத்துட்டாராம், ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. "இந்த மாசம் விளக்கேத்தினது எத்தனை பேரும்மா?"ன்னு ஃபர்ஹானாகிட்டக் கேட்டேன். "ரெண்டு தடவை ஏத்தியிருக்காங்க சார். ரெண்டும் நீங்கதான்"னு சொல்லுச்சு.

சம்பந்தி வீடா? பங்குனியில வேற இடம் பாத்துக்கிட்டாங்க. செயலாளர்னு சொன்னீங்க, ஒரு தேதி எடுக்க முடியலையான்னு ஒரு வார்த்தை. அதோட சரி. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. தாரணிதான் தேத்தினா. "விடுங்கப்பா, நல்லதுக்குத்தான்"னு. பேசணும் பேசணும்னு இருந்தாளே, அதை அப்புறம் அவ கேக்கவே இல்ல. மறந்துட்டா போல.

ஆனா நான் விடறதா இல்ல. அந்தம்மிணி ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்குது, விசாரணை வேணும்னு குழுவைக் கூட்டிட்டேன். வெப்சைட்டுல யாரு, எத்தனை மணிக்கு, எந்த வழியா வந்தாங்கன்னு எல்லாம் பதிவாகுமாம். அந்தப் பேப்பரைக் கொண்டாந்து ஒம்பது பேரு முன்னாடி படிக்கணும்னு ஃபர்ஹானாவுக்கு நானே கடுதாசி போட்டேன். கேட்டு வாங்கினது நானுங்க, வேற யாரும் இல்ல.

வந்து படிச்சுது. "ஆறு மணி நாப்பத்தொரு விநாடி. கோகிலவாணி. எளிய வழி. ஆவணி இருபத்தாறு, உறுதி. எல்லாம் சரியா இருக்குது சார், தப்பு ஒண்ணும் நடக்கல." அதோட பேப்பரை மடிச்சுது. நான் விடல. அதுக்கு முன்னாடி என்ன இருக்குது, பூராவும் படின்னேன்.

"வேண்டாங்க சார்."

"ஏன் வேண்டாம்? யாரையோ காப்பாத்தறயா? படிம்மா, பயப்படாத, நான் இருக்கேன்."

அது மாரப்பன் ஐயாவைப் பாத்துச்சு. அவரும் படிச்சிரும்மான்னாரு. "ஆறு மணி பத்தொம்பது விநாடி. ஒரு செல்போன். எளிய வழி. ஆவணி இருபத்தாறைத் திறந்திருக்காங்க. அவங்கதான் முதல்ல வந்தவங்க. பேரு எழுதல. உறுதியும் அமுக்கல. அந்தத் தேதி போற வரைக்கும் அந்தப் பக்கத்துலயே நின்னிருக்காங்க, இருபத்திரெண்டு விநாடி. கோகிலவாணி மேடம் எடுத்ததுக்கப்புறம் ரெண்டாவது விநாடியில மூடிட்டுப் போயிட்டாங்க."

"யாருது அந்தச் செல்லு?"ன்னு நாந்தான் கேட்டேன்.

"செல்லு யாருதுன்னு இதுல வராது சார். ஆனா எந்த இணைப்புல இருந்து வந்துச்சுன்னு வரும்." பேப்பரை என் பக்கமாத் தள்ளி வெச்சுது. அப்புறம் மெதுவாச் சொல்லுச்சு. "உங்க வீட்டு வைஃபை, சார்."

எனக்கு உடனே வெளங்கிருச்சுங்க. வைஃபை திருட்டு! எதிர்வீட்டுல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு இருக்காரு, எனக்கும் அவருக்கும் சாக்கடைத் தகராறு. அவராத்தான் இருக்கணும். என் இணைப்புலயே நுழைஞ்சு, என் தேதியத் திறந்து வெச்சுக்கிட்டு, வேடிக்கை பாத்திருக்காரு. அங்கயே சொல்லிட்டேன். மாரப்பன் ஐயா ஒரு சொம்புத் தண்ணியை முழுசாக் குடிச்சாரு. ஒம்பது பேர்ல ஒருத்தர் என் மூஞ்சியை நிமிந்து பாக்கலீங்க. பாவம், அவங்களுக்கே வெக்கமாப் போச்சு, செயலாளர் வீட்டுலயே இப்பிடித் திருடறாங்களேன்னு.

என்ன கேக்கறீங்க? அந்த வாத்தியார்கிட்ட என்ன செல்லு இருக்குதுன்னா? அதான் பழைய பட்டன் செல்லு. நெட்டெல்லாம் வராது. இருந்தா என்ன? வேற யார்கிட்டயாச்சும் வாங்கியிருப்பாரு. உலகத்துல செல்லுக்கா பஞ்சம்?

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுல எல்லாரும் உக்காந்து டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நான் நடந்ததைப் பூராவும் சொன்னேன். பத்தொம்பது விநாடி, இருபத்திரெண்டு விநாடி, ரெண்டாவது விநாடியில மூடினது, ஒண்ணு விடாம. தாரணி இட்லியைப் பிச்சுக்கிட்டே இருந்தா, வாயில வெக்கல. எங்க வீட்டுக்காரி ஒரு தடவை அவளைப் பாத்தா, அப்புறம் எழுந்து சட்னி எடுக்க உள்ள போனா. மேசை மேல சட்னி இருந்துச்சுங்க. "எதிர்வீட்டு வாத்தியாருதான் கண்ணு, வேற யாரு?"ன்னு நான் சொன்னேன். தலையைத் தூக்காமயே, "பாஸ்வேர்டை மாத்திருங்கப்பா"ன்னா.

கை கழுவினதும் மாத்திட்டேன். யாரும் கண்டுபிடிக்க முடியாததா, நானா யோசிச்சுப் போட்டது. வாத்தியாருக்குத் தெரியாது. வீட்டுக்காரிக்கும் சொல்லல. தாரணிக்கும் சொல்லல. ஏன் சொல்லலன்னு கேக்காதீங்க, சொல்லல, அவ்வளவுதான். அஞ்சு மாசமாச்சு. கம்ப்யூட்டர்ல வேலை பாக்கற பொண்ணு, ஒரே வீட்டுல இருக்கறா, தெனமும் என் முன்னாடிதான் உக்காந்து சாப்பிடறா, நெட்டுக்கு மட்டும் தன் செல்லுல காசு போட்டுக்கறா. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு அவ எங்கிட்டக் கேக்கலீங்க.